ஓரகத்தியின் விரல்

திண்டிவனத்திலிருந்து காலையில் கிளம்பும் எங்கள் மருத்துவ வேனில் டாக்டர் கிடையாது. நர்ஸ் நான்தான், மருந்து கொடுப்பவளும் நான்தான், திட்டுகிற ஆளும் நான்தான். சர்க்கரை பார்த்து அவரவர் நோட்டில் எழுதுவேன். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் டாக்டரிடம் போனில் கேட்பேன். பிரம்மதேசம் தாண்டி ஓர் ஊருக்கு மாதம் ஒரு முறை போவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது. நோட்டை நீட்டுகிறவர்தான் நோட்டுக்குச் சொந்தக்காரர் என்று நம்பினேன். வேறெப்படி நம்புவதாம்?

அந்த ஊரில் ஒருத்தி என் செல்லம். மற்றவர்களைப் போல ஊசியைப் பார்த்து நெளியமாட்டாள். ராணி மாதிரி விரலை நீட்டுவாள். பழைய நர்ஸ் எழுதிய பக்கங்களில் முந்நூறுக்குக் குறையாத சர்க்கரை, என் கை பட்டதும் நூற்றிப்பத்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. "இவங்களைப் பாருங்க! இன்னா சாப்பிடுறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்கம்மா" என்றேன்.

"கேப்பைக் கூழுதான் நர்ஸம்மா" என்றாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. வரிசை மொத்தமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கூழைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். மூன்று மாதம் இதே கதை. டாக்டரும் சந்தோஷப்பட்டு மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்.

நான்காம் மாதம் அவள் வரவில்லை. எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். விடுவேனா? மாத்திரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். வாசலில் வேறொரு அம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டிலிருந்த பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"நான்தான்."

"நீங்க இல்லம்மா. வேனுக்கு வந்து சர்க்கரை பாத்துக்கினு போவாங்களே, அவங்க."

"அது என் ஓரகத்தி. எனக்கு ஊசின்னா உசுரே பூடும். பாக்கலன்னா மாத்திரை தரமாட்டீங்களாமே, அதான் மூஞ்சி தெரியாத நீங்க வந்ததுலேந்து எனக்குப் பதிலா அவ குத்திக்கினு வருவா. இன்னிக்கு விழுப்புரத்துல கல்யாணம், போயிருக்கா. நாளிக்கு அவ வந்தா குத்தமாட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் காலில் சுற்றியிருந்த துணி கண்ணில் பட்டது.

"முள்ளு குத்துச்சு. வலியே இல்ல, பேஜாரு பண்ணாதீங்க."

சர்க்கரைக்காரர் காலில் புண்ணிருந்தும் வலி இல்லையென்றால் அதுதான் ஆபத்து. துணியைப் பிரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது, சிவப்பு பாதத்தில் ஏறியிருந்தது. கை விரலில் குத்தினேன், ஊரையே கூட்டினாள். மெஷின் முந்நூற்றி எண்பது காட்டியது. பாதியாக்கிய மாத்திரை என் பையில்தான் இருந்தது.

வேனிலேயே ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "காலையே எடுத்துடுவாங்களா நர்ஸம்மா?" என்று வழியெல்லாம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஓரகத்தி மேல் கோபம், சிரித்த வரிசை மேல் கோபம், எல்லாரையும்விட என் மேல் கோபம். நூற்றிப்பத்தைக் கொஞ்சத் தெரிந்த எனக்கு, அந்த முந்நூறு எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லையே!

சாயங்காலம் ஓரகத்தி கல்யாணப் பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள். "அக்கா பயப்படுதேன்னுதான் செஞ்சேன்" என்று அழுதாள். நன்றாகத் திட்டினேன். பிறகு நானும் அழுதேன். சுண்டுவிரல் போயிற்று. கால் தப்பியது.

இப்போது இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கையை என்னிடம் நீட்டுவாள். இன்னொரு கையால் ஓரகத்தியின் கையை நெரிப்பாள். நான் குத்தினால் கத்துவது ஓரகத்திதான். அதன்பின் காலை நீட்டச் சொல்வேன்.

"ஒம்பதும் இருக்குதான்னு எண்ணிக்குங்க நர்ஸம்மா" என்பாள். வரிசை சிரிக்கும்.

நான் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன்.