தெளிந்த தண்ணீர் சல்மியாவுக்கு

சல்மியாவைப் பற்றி நல்லவிதமாகப் பேச எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நான் அவளுடைய ஓரகத்தி ராம்லா. அவள் மூத்த மருமகள், நான் இளையவள். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற வீடுகள் எங்களுடையவை. ஒரே பலகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இருபத்திரண்டு வருஷம் இப்படி எதிரும் புதிருமாக இருந்திருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன், அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

நாற்பத்து நாலு வயதாகியும் அவளுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. வரிசையாக மூன்று பையன்களைப் பெற்றாள், மூன்றும் சுகப்பிரசவம். மரவள்ளியைத் துருவி அவள் அவிக்கிற கசுவாமிப் புட்டு கோபுரம் மாதிரி நிற்கும். நான் அவித்தால் தட்டில் வைக்கும்போதே இடிந்து விழும். அவள் கொடியில் போட்ட துணிகூட என் துணிக்கு முன்னால் காய்ந்துவிடும். எனக்குப் பிள்ளை இல்லை. இதைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, மனசில் முதலில் நிற்பது இதுதான்.

எங்களில் படகும் வலையும் மகன்களுக்கு, கடற்புல் தரை மருமகள்களுக்கு. தண்ணீர் வற்றும்போது கடல் தரையில் இறங்கி நடப்பவர்கள் பெண்கள் என்பதால் அப்படி ஒரு வழக்கம். மாமியார் சாவதற்கு முன் பங்கு பிரித்துக் கொடுத்தாள். மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தரை சல்மியாவுக்கு. அங்கே எப்போதும் நீரோட்டம் உண்டு, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஓடை வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற தரை எனக்கு. மழை பெய்தால் மலைச் சேறு முழுவதும் என் புல்லின் மேல்தான் வந்து உட்காரும். வெயில் காலத்தில் வற்றினால் என் புல் மட்டும் வெளியே தெரிந்து வதங்கும்.

இரண்டிலும் ஒரே புல்தான். இடுப்பளவு நீள இலை, அடியில் சுருண்ட காம்பு, காம்பு முனையில் மயிர் முளைத்த எலுமிச்சை அளவு காய். பிளந்தால் பத்துப் பன்னிரண்டு விதை. அவித்து மசித்தால் அவளுடைய விதை மாவும் இனிப்புமாக இருக்கும். என்னுடையது நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. என் புருஷன் ஹம்சாரி ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை. தின்றுவிட்டு இரண்டு சொம்புத் தண்ணீர் குடிப்பார், அவ்வளவுதான்.

போன வருஷம் எங்கள் நாத்தனார் இந்தானுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பையன் பிறந்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஏழாம் மாதம் முதல் சோறாகக் கடற்புல் விதை ஊட்டுவோம். மாமன் பெண்சாதிகள் ஆளுக்கு ஒரு உருண்டை மசித்து, கட்டைவிரல் நுனியில் வைத்து நீட்டுவார்கள். எந்த விரலைப் பிள்ளை இரண்டாம் தடவை தேடிப் பிடிக்கிறதோ, அவள்தான் அதற்கு ஊட்டுத்தாய். அவளை அது கடைசிவரை அம்மா என்றுதான் கூப்பிடும். கையில் பலம் வந்ததும் பிடிக்கிற முதல் மீன் அவளுக்கு. வயதானால் அவளுக்கு அந்த வீட்டில் பாய் உண்டு.

மாமன் இரண்டு பேர். ஆக, நீட்டப்போகிற விரல் சல்மியாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. மூன்று பேர் அம்மா என்று கூப்பிடுகிறவளுக்கு நாலாவது எதற்கு? இதைக் கேட்டுவிடலாம் என்று பலகைப் பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்பியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கெண்டாரிப் பட்டணத்திலிருந்து வித்யா என்று ஒரு பெண் வந்தாள். கடற்புல்லை ஆராய்ச்சி செய்கிற பெண். கண்ணாடிக் குப்பிகளும் கத்திரிக்கோலுமாக இரண்டு தரையிலும் இறங்கி இலை, கிழங்கு, காய் என்று வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்துக் காகிதத்தோடு வந்தாள்.

"ரெண்டும் ஒரே புல்லுதான், அக்கா. தண்ணிதான் வேற" என்றாள். "வெளிச்சம் கிடைச்சா புல்லு சர்க்கரை செஞ்சு, மாவாக்கிச் சேத்து வைக்கும். உங்க தரையில சேறு வெளிச்சத்த மறைக்குது. மாவு பாதிகூட இல்ல. வெயில்ல வேற காயுதா, தன்னைக் காப்பாத்திக்கத் துவர்ப்பைச் செஞ்சு உள்ள வச்சுக்குது."

"அப்ப அவ கைராசின்னு ஊரே சொல்றது?"

"கைராசியெல்லாம் கிடையாதுக்கா."

அந்த வார்த்தைக்காக அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். ஆனால் அடுத்ததைக் கேட்டேன். "இதுக்குச் சாப்பாடு கீப்பாடு போட்டா தேறுமா?"

"வேண்டாங்க்கா. ஓடையிலயே தேவைக்கு மேல வருது. இன்னும் போட்டா இலைதான் கொழுக்கும், விதையில மாவு நிக்காது."

இவள் தங்கியிருப்பது யார் வீட்டில்? சல்மியா வீட்டில். தினம் தின்பது யாருடைய கசுவாமி? சல்மியாவுடையது. பின்னே எனக்குச் சாதகமாகவா சொல்வாள்? எனக்குக் கண் இல்லையா என்ன? மீன் கழுவிய தண்ணீரை அடுப்படிப் பலகை இடுக்கில் ஊற்றுகிறோம். அந்த இடத்துக்கு நேர் கீழே தூண்களில் பாசி எப்படிச் செழித்துத் தொங்குகிறது! படித்த பெண்ணுக்கு அது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே ஆரம்பித்தேன். மீன் கழுவிய தண்ணீர், குடல், செதில், எல்லாம் ஒரு குடத்தில். காலையில் தண்ணீர் வற்றும் நேரம், சல்மியா மணல்திட்டுப் பக்கம் போன பிறகு, என் தரையில் கொண்டுபோய்க் கொட்டுவேன். ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, ஐந்து மாதம். ஹம்சாரி ஒருநாள் கேட்டார்.

"குடத்தத் தூக்கிட்டு எங்க போற தினமும்?"

"உங்களுக்கு எதுக்கு அது?"

"முதுகு வலிக்குதுன்னு சொன்னியே, நான் தூக்கிட்டு வரட்டான்னு கேட்டேன்."

"ஒண்ணும் வேணாம், போங்க" என்று விரட்டினேன்.

புல் வளர்ந்தது பாருங்கள்! கரும்பச்சையாக, மார்பளவுக்கு. இலை மேல் வழுவழுவென்று பாசி படர்ந்திருந்தது. அதையும் செழிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஊட்டுகிற வாரம் ஒரு காயைப் பிளந்து பச்சையாகவே விதையைக் கடித்துப் பார்த்தேன். துவர்ப்பு இல்லை! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் விதையில் துவர்ப்பு இல்லை. தண்ணீருக்குள் நின்றபடி தனியாகச் சிரித்தேன். துவர்ப்பு போயிற்றா என்று மட்டும் பார்த்தேன், வேறு என்ன போயிற்று என்று பார்க்கவில்லை.

அந்த நாள் வந்தது. மாதத்திலேயே அதிகமாகத் தண்ணீர் வற்றுகிற பகல். கணுக்கால் தண்ணீரில் ஊர் முழுக்க நின்றது. இமாம் துஆ ஓதி முடித்தார். இந்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சின்னண்ணி, நீங்க முதல்ல" என்றாள்.

தேங்காய் ஓட்டில் மசித்து வைத்திருந்ததை எடுத்து உருட்டினேன். உருளவில்லை. மறுபடி உருட்டினேன். விரல் இடுக்கில் ஒழுகியது. அவிக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தது, பிழிந்தால் சரியாகும் என்று இருந்துவிட்டேன். பிழியப் பிழிய என் கையில் மிஞ்சியது தோல்தான்.

"என்ன ராம்லா, கஞ்சி ஊட்டப் போறியா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

நனைந்த விரலை நீட்டினேன். பையன் நக்கினான். முகம் சுளிக்கவில்லை, துப்பவில்லை. எதுவுமே வாய்க்குள் வராதது மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். தாடை வழியாக ஒழுகியதை இந்தான் முந்தானையால் துடைத்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு சல்மியா வந்தாள். உருண்டை முத்து மாதிரி விரல் நுனியில் நின்றது. பையன் சப்பினான், விழுங்கினான், இரண்டு கையாலும் அவள் விரலைப் பிடித்து இழுத்துத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். நாலாவது பிள்ளையும் அவளுக்கே. கால் வழியே போகிற தண்ணீர் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

கூட்டம் கலைந்து எல்லோரும் படகுகளைப் பார்த்து நடந்தார்கள். நான் தேங்காய் ஓட்டைக் கழுவுகிற சாக்கில் பின்தங்கினேன். சல்மியா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மீன் தண்ணி ஊத்துனல்ல?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மணல்திட்டுல நின்னா உன் குடம் தெரியுது. முதல் நாளே பாத்தேன். தினமும் பாத்தேன்."

"வித்யா வேணாம்னு சொன்னது உனக்கும் தெரியும்."

"தெரியும். எங்க வீட்டுல உக்காந்துதான் எல்லாத்தையும் சொன்னா."

"அஞ்சு மாசம், அக்கா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? 'ஊத்தாத ராம்லா'ன்னு ஒரு வார்த்தை?"

"சொல்லியிருக்கலாம். பாலத்துல பாதி வரைக்கும் வந்தேன் ஒருநாள். உங்க வீட்டுல விளக்கு வச்சு ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்டுட்டு இருந்தீங்க. அவரு முள்ளு எடுத்து எடுத்து மீன உன் பக்கம் வச்சாரு. நான் அப்படியே திரும்பிட்டேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"எனக்கும் புருஷன்னு ஒருத்தன் இருக்கான்" என்றாள். "வருஷத்துல எட்டு மாசம் மலேசியாப் பக்கம். மிச்ச நாலு மாசம் எங்கன்னு எனக்குத் தெரியாது, நானும் கேக்கறதில்ல. மூணு புள்ளையையும் தனியாத்தான் பெத்தேன். உன்னோடது மாதிரி ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைச்சதில்ல, ராம்லா. அதெல்லாம் உனக்கே இருக்கட்டும், இந்தப் புள்ளையாவது உனக்குக் கிடைக்காம போகட்டும்னுதான் சொல்லல. போய்ச் சொல்லு, ஊர் முழுக்கச் சொல்லு."

கோபம் வந்திருக்க வேண்டும். அவள் தலைமுடியைப் பிடித்திருக்க வேண்டும். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சல்மியா பொறாமைப்படுகிற பொருள் ஒன்று என் வீட்டில் இருந்திருக்கிறது, இத்தனை வருஷமாக. அதோடு இன்னொரு எரிச்சலும் வந்தது. பொறாமையைக்கூட என்னைவிட நன்றாக மறைத்து வைத்திருந்தாளே, இதிலும் அவள்தானே கெட்டிக்காரி!

தண்ணீர் ஏறத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் ஹம்சாரி இடுப்பளவு தண்ணீரில் நின்று, நான் ஏறுவதற்காகப் படகை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை அன்றுதான் நின்று பார்த்தேன். காது மடல் கருகி, சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல், படகைப் பிடித்த கை நடுங்காமல்.

இறங்கி வந்து பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால் சல்மியாவின் படகு கழியில் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஏறாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

என்னால் ஒரே எட்டில் படகில் ஏற முடியும். ஆனாலும் ஹம்சாரியின் தோளில் கை வைத்து, இன்னொரு கையால் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஏறினேன்.