கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை

லட்சத்தீவுக்கு டிக்கெட் போட்டபோது நான் முழுகாமல் இல்லை. கிளம்புகிற நாள் வந்தபோது இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் அது தெரியும் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கு மத்திய அரசு வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரச் சலுகை உண்டு. ஒவ்வொரு முறையும் அறுப்பு, கிழங்கு பிடுங்கல் என்று ஏதாவது வந்து அது வீணாகும். இந்த முறை மாமனாரே ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டார். மாமா, அத்தை, நாங்கள் இருவர், நான்கு வயது மகள். சேலம் போய் ரயில் பிடித்துக் கொச்சிக்கு, அங்கிருந்து கப்பல். இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலில் ஒரு தீவு. இப்படி மூன்று தீவுகள். கடல் என்றால் எங்கள் வீட்டில் மாசி மகத்துக்குக் கடலூரில் போய்க் கால் நனைத்த கடல்தான். அதனால் தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது.

எங்கள் வீட்டில் கர்ப்பத்தைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று மாதம் முடிய வேண்டும். பிறகு கல்வராயன் மலையில் ஓடையோரம் இருக்கும் குலதெய்வத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்து, அங்கே அம்மனிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை பேச்சு கிடையாது. தெரிந்தவர்களும் தெரியாதவர்கள் போலவே இருப்பார்கள். என் நாத்தனார் உளுந்தூர்பேட்டையில் வாக்கப்பட்டவர். அவர் முதல் தடவை சந்தோஷம் தாங்காமல் போனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அந்த முறை இன்னும் இறுகிவிட்டது.

நான் விலங்கியல் படித்தவள். இதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் அப்போது கேட்டால் சொல்லியிருப்பேன். ஆனால் மகள் வயிற்றில் இருந்தபோது அந்த முறையை மீறவில்லை; அவள் நல்லபடியாகப் பிறந்தாள். நல்லபடியாக நடந்த ஒன்றை மாற்றிப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்?

கிளம்புவதற்கு முந்தின வாரம், வண்டியில் சங்கராபுரம் போகும் வழியில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"நான் வரலன்னு சொல்லிடட்டுமா?"

"ஏன் வரலன்னு கேப்பாங்களே. இன்னான்னு சொல்லுவ?"

"ஒடம்பு சரியில்லன்னு."

"உன்ன இப்பிடி உட்டுட்டு எங்கம்மா வந்துடுமா? அதுவும் நின்னுக்கும். அது நின்னா அப்பா நின்னுக்குவாரு. அப்பறம் நான் மட்டும் ஒண்டியா போய் தீவு பாத்துக்கினு வரட்டுமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆசுபத்திரி வாசலில் எங்கள் தெரு ஆட்கள் யாராவது எப்போதும் நிற்பார்கள். செல்போனில் தேடினேன். இரண்டாம் மாதத்தில் கப்பலில் போகலாம் என்றும் இருந்தது, போகக் கூடாது என்றும் இருந்தது. போகலாம் என்று இருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

ரயில் பாலக்காடு தாண்டியதும் ஒருவன் அன்னாசித் துண்டுகள் விற்றுக்கொண்டு வந்தான். மாமா எல்லோருக்கும் வாங்கினார். நான் வாயருகே கொண்டுபோன துண்டை அத்தை வெடுக்கென்று பிடுங்கித் தன் மகன் கையில் கொடுத்தார்.

"உனக்கு சளி புடிக்கும்."

எனக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றிப் பேச இருவருக்கும் வழியில்லை.

துறைமுகத்தில் ஏறுவதற்கு முன் பெண்களைத் தனியாக நிறுத்தி ஒரு நர்ஸ் விசாரித்தார். மலையாளம் கலந்த தமிழ்.

"நெஞ்சுவலி, பிரஷர் உள்ளவங்க உண்டோ? கர்ப்பமா இருக்கறவங்க? சொல்லணும் கேட்டோ. சின்ன போட்ல எறங்கி ஏறணும், அவங்கள எறக்க மாட்டோம்."

நான் அத்தையைப் பார்த்தேன். வாயைத் திறக்கத்தான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை. அதற்குள் அத்தை ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

"எங்க வூட்டுல அதெல்லாம் யாருமில்லிங்க. எனக்குத்தான் முட்டி வலி."

நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த குடும்பத்துக்குப் போனார்.

முதல் ராத்திரி கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸில் கையில் வைத்துக்கொள்வது போல அத்தை ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தார். முகர்ந்துகொண்டே எடுத்தோம். வீட்டில் ஒவ்வொரு காலையும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். கப்பலில் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நின்று எடுத்தேன்.

"உன் பொண்டாட்டிக்கு இன்னாடா, கொடலே வெளிய வந்துடும்போல கீது?" என்று மாமா கேட்டார்.

"எல்லாருக்கும் அப்பிடித்தாம்பா."

"எனக்கு ஒண்ணும் ஆவலியே. நான் இன்னா தீவுலயா பொறந்தேன்?"

முதல் தீவான கல்பேனி நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பெரிய கப்பல் பவளப்பாறைக்கு அருகில் வராது, ஆழத்திலேயே நின்றுவிடும். அதன் விலாவில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே சின்னப் படகு அலையில் ஏறி ஏறி இறங்கும். இரண்டு பேர் நம் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, படகு மேலே வருகிற நொடியில் "இப்போ" என்பார்கள். கால் வைத்துவிட வேண்டும். அன்று அலை அதிகமில்லை. அத்தைகூட முட்டி வலியோடு இறங்கிவிட்டார். பாறையைத் தாண்டி உள்ளே போனதும் கடல் குளமாகிவிட்டது. தண்ணீருக்கு அப்படி ஒரு நிறம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மகள் முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். இளநீர் கொடுத்தார்கள். மாமா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல மரவள்ளி வருமா?"

"எங்க போனாலும் இதே பேச்சா?" என்றார் அத்தை. "தென்ன மரம் பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் வாந்தி எடுத்துக்கினு வந்தோம்? இவ அம்மா ஊரு மணலூர்பேட்டையில இல்லாத தென்ன மரமா?"

சொல்லிவிட்டு அவரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகள் பக்கத்தில் போய்த் தண்ணீரில் நின்றார்.

மறுநாள் மினிக்காய். காலையிலிருந்தே கடல் சரியில்லை. கதவருகே கூட்டம் நின்றது. முடியாதவர்கள் கப்பலிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொன்னார்கள். இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா வந்தால்தான் வருவேன் என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ வரலன்னா பாப்பா எப்பிடி வரும்? கால வெச்சா படகு, இதுல இன்னா பயம்?" என்றார் மாமா.

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கையிலிருந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்தார். மூன்று பேரில் இருவருக்குத் தெரியும். தெரியாத ஒருவர்தான் பேசினார். அவருக்கு என்ன பதில் சொல்வது? மகளை முதலில் வாங்கிக்கொண்டார்கள். "இப்போ" என்றார்கள். நான் கால் வைக்கவும் படகு கீழே போகவும் சரியாக இருந்தது. பலகையின் விளிம்பில் இடுப்பு மோத உட்கார்ந்தேன். எல்லோரும் ஐயோ என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது.

அந்தத் தீவில் நான் எதையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் கலங்கரை விளக்கத்தில் ஏறிவிட்டு வரும்வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அடிமுதுகு கனத்தது. திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

மூன்றாவது தீவுக்கு முன்னால் கப்பல் நின்ற காலையில் ரத்தம் பட்டது.

அவரிடம் சொன்னேன். மகளையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு தீவுக்கு இறங்கிப் போகச் சொன்னதும் நான்தான். மகள் எதையும் பார்க்கக் கூடாது என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. அவர் போகத் தயங்கினார். பிறகு போனார். அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என் நடையைப் பார்த்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று அவர் நின்றுகொண்டார். கப்பலின் டாக்டர் அறைக்கு என் முழங்கையைப் பிடித்து அவர்தான் கூட்டிப்போனார்.

டாக்டர் இளம்பெண். பக்கத்தில் துறைமுகத்தில் பார்த்த அதே நர்ஸ். என்னவென்று கேட்டதும் அத்தை ஆரம்பித்தார்.

"கப்பல் ஒத்துக்கல டாக்டரம்மா. ஏறுனதுலேர்ந்து வாயாலெடுத்துக்கினே இருக்கறா. சூடு ஜாஸ்தியாயி தீட்டு முன்னாடியே வந்துட்ச்சி போல. மாத்திர எதுனா குடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். சின்ன இரும்பு அறை. சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

"ரெண்டாவது மாசம்," என்றேன்.

அதுவரை அந்த வார்த்தையை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. சோதனைப் பட்டையைக் காட்டினேன், அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். அத்தை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, நான் நாலு பேர் முன்னால் துணி அவிழ்த்ததுபோலக் கதவுப் பக்கம் திரும்பி நின்றார்.

"அன்னைக்கு நான் கேட்டதல்லே?" என்றார் நர்ஸ்.

ஸ்கேன் பார்க்காமல் எதுவும் தெரியாது, தங்கினாலும் தங்கலாம், அசையாமல் படுத்திருங்கள் என்றார் டாக்டர். கொச்சி போய்ச் சேரும்வரை படுத்திருந்தேன். அத்தை என் படுக்கைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தபடியே வந்தார். கப்பல் ஆடும்போதெல்லாம் பிடியை இறுக்கினார். ஒரு தடவை, என்னிடம் என்றில்லாமல், "இன்னும் ஒரே மாசம். பல்லக் கடிச்சிக்கினு வாயத் தொறக்காம இருந்திருந்தா..." என்றார். ரத்தம் முதலில், நான் சொன்னது அதற்குப் பிறகு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் என் காலை விடாமல் பிடித்திருந்ததால் சொல்லவில்லை.

கொச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்ததும் தீவு பார்க்கப் போனவர்களைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மாமா செல்போனில் படங்கள் காட்டினார். "மருமவ ஏன் இப்பிடி எளச்சிப் போச்சி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை ஒரே பதில்தான் சொன்னார்: கப்பல் ஒத்துக்கல. மாமாவுக்கும் அதுதான் சொல்லப்பட்டது. மணலூர்பேட்டையிலிருந்து போன் செய்த என் அம்மாவிடம் நானே அதைத்தான் சொன்னேன். "நமக்கு பஸ்ஸே ஒத்துக்காது, உனக்கு கப்பல் கேக்குதா? மோர் குடிச்சிட்டுப் படு," என்று அம்மா சிரித்தார். இருப்பதாகவே சொல்லப்படாத ஒன்று போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்துவிட்டேன். உளுந்தூர்பேட்டை நாத்தனார் மட்டும் ஒரு பகல் வந்திருந்தார். என்னைச் சற்று நேரம் பார்த்தார். எதுவும் கேட்காமல், தொட்டியில் கிடந்த பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்குப் போனார்.

ஆரம்ப மாதங்களில் கலைவதில் பெரும்பாலானவை கருவிலேயே உள்ள குறையால்தான், விழுந்ததால் அல்ல என்று கொச்சி டாக்டர் சொன்னார். நானும் படித்துப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது. இருந்தும் அந்தப் படகில் தினமும் ஒரு தடவை கால் வைக்கிறேன். துறைமுகத்தில் அத்தைக்கு முன்னால் நான் பேசியிருந்தால் என்று நினைப்பேன். அப்புறம், அந்த இரும்பு அறையில் பேசாமல் இருந்திருந்தால் என்றும் நினைத்துவிடுவேன். முதலில் ரத்தம், பிறகுதான் பேச்சு என்று எனக்கு நானே வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். விலங்கியல் படித்தவளுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து, தோட்டத்துக் கிழங்கைப் பின்கட்டில் உட்கார்ந்து அத்தையும் நானும் உரித்துக்கொண்டிருந்தோம். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அத்தை கத்தியை நிறுத்தாமல் கேட்டார்.

"நாளு தள்ளிப் போயிருக்குதா?"

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் தலையைத் தூக்கவில்லை.

"சொல்லு எம்மா. நானே கேக்கறன் இல்ல? இருந்தா நாளிக்கே ஆசுபத்திரிக்கி போயி காட்டிடலாம். மலைக்கி அப்பறம் போய்க்கலாம். அம்மன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

இதைச் சொல்ல அவர் எத்தனை நாள் தன்னோடு மல்லுக்கட்டியிருப்பாரோ. பதில் சொல்லத்தான் நினைத்தேன். நாள் தள்ளித்தான் போயிருந்தது. இதைச் சொன்னால் இதுவும் போய்விடும் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அத்தைக்குப் பழைய நம்பிக்கை விட்டுப்போன அதே இடத்தில் எனக்கு அது பிடித்துக்கொண்டிருந்தது.

இல்லை என்று தலையாட்டினேன்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். நானும் ஒன்றை எடுத்தேன்.