கண்ணாடியில் ஒட்டிய முகம்

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்திவிட்டால், பிறகு நேராக இழுத்துப் பிரிக்க முடியாது. பக்கவாட்டில் நகர்த்தினால் சுண்டுவிரலே போதும். திருப்பதியில் ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்தபோது இதை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவேன். ஆந்திரா தனி ராஜ்யமாகியிருந்த புதுசு. தமிழில் படித்ததைத் தெலுங்கில் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

அந்தத் தை மாதம்தான் எங்களுக்குத் தலைப்பொங்கல். மனைவிக்குச் சொந்த ஊர் சத்தியவேடு. அது அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. எந்தப் பக்கம் போகும் என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் பேசிக்கொள்வார்கள். அவள் அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒரு போட்டோ இருந்தது. அவளுடைய அம்மா ஒரு நாற்காலியின் ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்திருப்பார். அவளுக்கு மூன்று வயது முடிவதற்குள் அம்மா போய்விட்டார். அந்த முகம் அவளுக்கு நினைவில்லை. இருந்தது அந்த ஒரு படம்தான்.

போகிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவினோம். சுவாமி படங்களைத் துடைக்கிற சாக்கில் அந்தப் படத்தின் மேலும் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்து, நன்றாகத் தேய்த்து, வெயிலில் சாய்த்து வைத்தேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் தண்ணீர் ஏறியதை நான் கவனிக்கவில்லை. மத்தியானம் பார்த்தால், கன்னத்தில் தொடங்கி தோள்வரை படம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்து பளபளத்தது.

அவள் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று சட்டத்தைக் கழற்றி, படத்தின் முதுகில் ஒட்டிக் கிடந்த அட்டையை அப்படியே விட்டு, மூலையில் பிளேடைக் கொடுத்து இழுத்தேன். தோள்பக்கம் நகமளவு கிழிந்து கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம். நிமிர்ந்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இழுக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் கோபம் ஊரறிந்தது. அவள் கண்ணாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா மூஞ்சின்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை இட்லி வேகவைத்தாள். தட்டில் துணி விரித்து வேகவைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, துணியின் முதுகில் கையால் தண்ணீர் தெளித்து, துணியை உரித்தாள். இட்லி ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல் வந்தது. அடுத்த தட்டைத் தொடாமல் அப்படியே நின்றாள்.

"தண்ணியாலதான ஒட்டிக்கினு கீது. தண்ணியிலயே போட்டா வராதா?"

"காகிதத்து மேல பிசின் மாதிரி ஒரு பூச்சு இருக்கு. அதுலதான் முகமே இருக்கு. ஊறினா அதுவும் கரைஞ்சி போயிடலாம்" என்றேன்.

"காய வெச்சே வெச்சிக்கினு இருந்தா மட்டும்? நாளைக்கு உரிஞ்சி வுழப்போவுது." கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டி, "நீங்களே போடுங்க" என்றாள்.

நேற்று கிழித்த கையை நம்பித்தான் சொன்னாள்.

தாம்பாளத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடியை மூழ்க வைத்தேன். தெருவில் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் தாம்பாளத்தை விட்டு நகரவில்லை. பளபளப்பு ஓரத்திலிருந்து மெல்ல மங்கிக்கொண்டே வந்து, கன்னத்தைத் தாண்டியது. அப்போதும் நான் தூக்கவில்லை. இரண்டு கட்டைவிரலால் படத்தைப் பக்கவாட்டில் தள்ளினேன். நகர்ந்தது. கண், மூக்கு, வாய், எல்லாம் காகிதத்தோடு முழுசாக வந்தன.

நான் மூச்சுவிட்டேன். அவள் மூச்சுவிடவில்லை. தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தின் இடது ஓரம், சட்டத்துக்கு அடங்கவில்லை என்று யாரோ பின்பக்கமாக மடித்துவிட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த மடிப்பு, அட்டை ஊறி விலகியதும் தானாகத் திறந்துகொண்டது. அம்மா ஏன் நாற்காலியின் ஓரத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது தெரிந்தது. பக்கத்தில், அதே நாற்காலியில், மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை நின்றது. அதன் இடுப்பை அம்மாவின் கை சுற்றிப் பிடித்திருந்தது.

அவள் ஈரக் காகிதத்தைத் தொடப் பயந்து, விரலைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னைப் புடிச்சிக்கினு கீறாங்க."