நைனாவின் ஆடாத தலை

என் நைனாவின் தலை எதற்கும் ஆடும். சத்தியவேட்டுக்கு அருகிலுள்ள ஒரு தொழிற்சாலையில் அவர் லைன் லீடர், அதாவது ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று மேனேஜர் கேட்டால் ஆடும். பொங்கலன்று இரவு ஷிப்ட் என்றாலும் ஆடும். கேள்வி முடிவதற்குள்ளாகவே ஆடிவிடுகிறது என்பதுதான் அம்மாவின் தீராத குறை.

"மேனேஜரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சரின்னுதே, அது இன்னா தலையா, பூம்பூம் மாடா?" என்பாள். அதற்கும் நைனா தலையை ஆட்டுவார்.

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் அந்தத் தலைக்கு ஒரு சோதனை வந்தது. குஜராத்தில் புதிய ஆலை தொடங்குகிறார்கள், இங்கிருந்து ஒரு லைன் லீடரை இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்பப்போகிறார்கள், குடும்பத்துக்கு அங்கே இடமில்லை என்று செய்தி பரவியது. யாரை அனுப்புவது என்பது மேனேஜர் கையில் இருந்தது. அவரோ கொரியாக்காரர், ஆலைக்குப் பின்னாலிருந்த வெற்று நிலத்தில் புல் வளர்த்து, வலை கட்டி, கோல்ப் அடிக்க இடம் அமைத்துக்கொண்டவர். வரவிருந்த குடும்ப தினத்தில் லைன் லீடர்கள் அனைவரும் தம் முன்னிலையில் பந்தடிக்க வேண்டும் என்று அறிவித்து, பழகுவதற்கு ஆளுக்கொரு மட்டையும் கொடுத்தனுப்பினார். நன்றாக அடிப்பவனைத் தம் அருகிலேயே வைத்துக்கொள்வார், சொதப்புகிறவனைக் குஜராத்துக்கு ரயிலேற்றிவிடுவார் என்று தீர்ப்பு வழங்கியவர் என் மாமா. அம்மாவின் தம்பியான அவர் கோல்ப் மைதானத்தை நேரில் கண்டதில்லை, செல்போனில் கண்டிருந்தார். அந்தத் தகுதியில் அவரே பயிற்சியாளரும் ஆனார்.

நைனாவை அவர் தெலுங்கு வாக்கில் பாவா என்றுதான் அழைப்பார். முதல் நாளே நைனா மட்டையை ஓங்கியதைச் செல்போனில் படமெடுத்து, இரண்டு குற்றங்களைக் கண்டுபிடித்தார்.

"இது இன்னா பாவா, கால்வா வெட்டறியா? மட்டைய நேரா வானத்துக்குத் தூக்கறியே!"

அது உண்மை. மண்வெட்டி பிடித்து வளர்ந்த கைகள் அவருடையவை. தோளுக்கு மேலே செங்குத்தாகத் தூக்கி, பூமியைப் பிளப்பதைப் போல இறக்கினார். மாமா பழைய கதவுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து துவைக்கும் கல்லின் மீது சாய்த்து வைத்தார். மட்டை பின்னால் போகும்போது அந்தப் பலகையின் சாய்விலேயே, உடம்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கையை மட்டும் தூக்காமல் தோளும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்றார். சில மாலைகளில் அது வசப்பட்டுவிட்டது.

வசப்படாதது தலை. மட்டை மேலே போகும்போது தலையும் ஆடியது. பந்துக்குப் பதிலாக வைத்த காகித உருண்டை நகராமல் அங்கேயே கிடந்தது. மாமா அவரைச் சுவரருகே நிறுத்தி, நெற்றியைச் சுவரில் பதிக்கச் சொல்லி, மட்டையில்லாமல் கைகளைக் கோத்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் பழகச் செய்தார். அது புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். பயிற்சி முடிந்து தெருவுக்கு வந்த நைனாவைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "நாகலாபுரம் பெருமாளுக்கு இன்னிக்கு இன்னா விசேஷம்? நாமத்த நெத்தி பூரா பூசி அனுப்பிக்கீறாங்களே!" என்றார். நைனா தலையாட்டினார்.

அதைக் கண்டதும்தான் மாமாவுக்கு நோயின் மூலம் புரிந்தது. யார் எதைக் கேட்டாலும் இந்தத் தலை ஆடுகிறது. மேனேஜர் "ரெடியா" என்று கேட்டால் ஓங்கிய மட்டையோடு சேர்ந்து ஆடத்தான் செய்யும். ஆகவே ஒரு விளையாட்டை வகுத்தார். நைனா மட்டையை ஓங்கும் நேரத்தில் நாங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். அவர் தலை அசையக் கூடாது.

"டீ துன்றியா, குடிக்கிறியா பாவா?" என்று மாமா கேட்டார். இரண்டுக்கும் தலை ஆடியது.

"நைனா, எனக்கு சைக்கிள் வாங்கித் தருவியா?" என்றேன் நான். மிக நன்றாக ஆடியது. அந்த வாக்குறுதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

குடும்ப தினத்துக்கு முந்தைய மாலை, அதுவரை இதில் சேராமல் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று கேட்டாள்: "எங்கள உட்டுட்டு குஜராத்துக்குப் போறியா?"

நைனாவின் தலை அசையவில்லை. மட்டை சாய்வு மாறாமல் சுற்றி வந்தது. காகித உருண்டை பறந்து போய் வேலியைத் தாண்டியது. நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா மட்டும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விளையாட்டில் தோற்றுவிட்ட கோபம் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் ஆலையின் புல்வெளியில் நைனாவின் முறை வந்தது. "ரெடி?" என்றார் மேனேஜர். தலை ஆடவில்லை. மட்டை உடம்பைச் சுற்றிப் போய் இறங்கியது; பந்து நேராகப் பறந்து எதிர் வலையில் போய் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. மேனேஜர் மகிழ்ந்துபோய் அருகில் வந்தார்.

"வெரி குட்! யூ லேர்ன் ஃபாஸ்ட். நியூ பிளான்ட் நீட் யூ. குஜராத், டூ இயர்ஸ், ஓகே?"

மாமாவின் முகம் வெளுத்தது. விரைவாகக் கற்றுக்கொள்கிறவன்தான் புதிய ஆலைக்கு வேண்டும் என்பது அவருடைய செல்போனில் இல்லாத பாடம். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. நாங்கள் எல்லோரும் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது குனிந்தபடியே இருந்தது. கண்கள் புல்லில் பதிந்திருந்தன.

"ஓகே?" என்றார் மேனேஜர் மறுபடியும்.

"பாவா, பந்து போயிடுச்சு, தலையத் தூக்கு" என்று மாமா முணுமுணுத்தார். நைனா தூக்கவில்லை. அதே நிலையில், எங்களுக்கும் கேட்கும்படி, "நோ சார். ஃபேமிலி ஹியர்" என்றார்.

மேனேஜர் அம்மாவைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். பிறகு அவரே தலையை ஆட்டினார். "ஓகே, ஓகே" என்று நைனாவின் முதுகில் தட்டிவிட்டு நகர்ந்தார். திருமணமாகாத வேறொரு லைன் லீடர், தாம் போகத் தயார் என்று மாலைக்குள் பெயர் கொடுத்துவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

திரும்பும் வழியில் பைக்கில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே அமர்ந்திருந்தேன். அம்மா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். என் தலைமேல் ஈரமாகவும் ஏதோ விழுந்தது. "எல்லாம் என் டிரெய்னிங்கு!" என்று மாமா பக்கத்து வண்டியிலிருந்து கத்தினார். நானும் அதையே நம்பினேன். சுவரில் நெற்றியை வைத்துப் பழகினால் தலை அப்படியே நின்றுபோகும், யார் கேட்டாலும் ஆடாது, அதனால்தான் நைனா தப்பித்தார் என்று பள்ளியில் தோழிகளுக்கு முழங்கினேன். என் முதல் சொற்பொழிவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். எதிர்வாதம் செய்ய எவரும் எழவில்லை.

இன்று விவாதப் போட்டி மேடைகளில் மறுத்துப் பேசியே பரிசுகள் வாங்குகிறேன். பந்து வலையில் விழுந்து வெகுநேரம் ஆன பின்பும், நைனா அவ்வளவு உறுதியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வெறும் புல்தான் இருந்தது, தலையை ஆடவிடாமல் பிடித்து வைத்தது அவரேதான் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.