காற்றை வெட்டும் வேலாயுதம்

கத்தரிக்கோலைத் தலைமுடிக்குக் கொண்டுபோகுமுன் வேலாயுதம் அண்ணன் காற்றைக் கொஞ்சம் வெட்டுவார். சிக், சிக், சிக். பிறகு ஒரு கொத்து முடி. மறுபடியும் காற்று. நடுவில் மலேசியக் கிண்ணப் பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் காற்று மட்டும்தான் வெட்டுப்படும்.

சிங்கப்பூரில் பஃப்பலோ ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவருடைய முடிதிருத்தும் கடை. நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் பழைய நாளேடுகள் உட்கார்ந்திருக்கும். காலையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பி ஆணியில் தொங்கியபடியே ஆறிப்போகும். "சூடா குடிச்சா பேச முடியாது லா" என்பார்.

தேக்கா சந்தையில் காய்கறி விற்கும் சுப்பிரமணியம் அவரைச் சீண்டாமல் எழுந்ததில்லை. "உக்கார்றப்ப கறுப்பா இருந்துச்சுண்ணே. இப்ப பாருங்க, நரைச்சுப் போச்சு."

"உனக்கு இருக்கறதே நாலு முடி. அதுல என்னடா அவசரம்?"

மாதம் ஒருமுறை என் தம்பி அருளானந்தத்துடன் அங்கே போகிறேன். பெண்கள் உட்காரும் இடமில்லை அது. முதல் முறை நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "உக்காரும்மா, யாரும் கடிக்க மாட்டாங்க" என்றார்.

எழுபத்தொன்பதில் அருள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று தூக்கம் போயிற்று. வீட்டுக் கண்ணாடியில் தாள் ஒட்டி மறைத்தான். பரீட்சைப் பயம் என்றோம், கொஞ்சம் திட்டவும் செய்தோம். ஒருநாள் காலையில் அவன் செருப்பு இருந்தது, அவன் இல்லை. தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுவதும் ஆளுக்கொரு காரணம் சொன்னது: பெண் விவகாரம், கெட்ட சகவாசம், கப்பல் ஏறிவிட்டான். அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அவன் வெறுங்காலோடு வேலாயுதம் அண்ணன் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணே. முடி வழியாத்தான் பேசுறாங்க."

சின்ன வயதிலிருந்து அவனுக்கு முடி வெட்டியவர் அவர். யார் பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அவன் கண்ணாடியைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்புவதைக் கவனித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டார்.

"எடுத்துரலாம் தம்பி. ஆனா நம்மகிட்ட லேட்டாகும், தெரியும்ல?"

"தெரியும்ணே."

பக்கத்து மளிகைக்கடை அப்துல் மஜீதிடம் வீட்டுக்குச் சொல்லும்படி கண்ணாலேயே சாடை காட்டினார். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. எங்கள் அப்பா வேலை பார்த்த ஜூரோங் கப்பல் பட்டறைக்கு மஜீது போன் போட்டார். அங்கிருந்து அப்பா வீட்டுக்கு வந்து, எங்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவதற்குள் பிற்பகலாகிவிட்டது. தரையில் ஒரு கைப்பிடி முடிகூட விழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோல் மட்டும் ஓயவில்லை.

அப்பா வாயைத் திறக்குமுன் அண்ணன், "திட்டாதீங்க. பக்கத்துல உக்காருங்க" என்றார். அப்பா நாளேடுகளின் மேலேயே உட்கார்ந்தார்.

மருத்துவமனைக்குப் போகலாம் என்றபோது, பாதியில் எழுந்துவர அருள் மறுத்தான். "மிச்சத்தைப் போற வழியில வெட்டுறேன், வா" என்று அண்ணன், போர்த்திய துணியோடு அவனை டாக்சியில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார். மருத்துவமனைவரை சிக், சிக்.

மருத்துவர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மருந்தும் தந்தார். அருள் இப்போது ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறான். யாராவது கையைப் பிடித்திருந்தால் அன்றைக்கு ஓடியிருப்பேன் என்று அவனே சொல்கிறான். அம்மாவின் மாலைச் செபத்தில் புனிதர்களுக்குப் பிறகு வேலாயுதத்தின் பெயரும் வரும். முருகன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிற மனிதருக்கு அது தெரியாது.

ஒருமுறை தயங்கித் தயங்கி நன்றி சொன்னேன்.

"நான் என்னம்மா பண்ணேன்? லேட் பண்ணேன். அது எப்பவும் பண்றதுதான். சத்தம் நின்னா எந்திரிச்சுப் போயிடுவான்னு தோணுச்சு, அதான் காத்தையே வெட்டிக்கிட்டு இருந்தேன்."

இந்த ஆறு வருடங்களாக, அருள் உள்ளே வந்ததும் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். போன மாதமும் துண்டை எடுத்தார்.

"இன்னிக்கு வேணாம்ணே" என்றான் அருள்.

அண்ணன் அந்தத் துண்டாலேயே, மேலிருந்து கீழாக, மூலைகளையும் விடாமல், தமக்கே உரிய நிதானத்தோடு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.