ஐ ஆம் கமிங், மேடம்

1. சீமெந்துக் கடையில் நேர்முகம்

வீடியோவில் நேர்முகம் தொடங்கியபோது எனக்குப் பின்னால் இரண்டு பேர் லொறியிலிருந்து சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அத்தானின் கடையில்தான் வைஃபை ஒழுங்காக வேலை செய்யும். அதனால் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கம்போடியாவில் ஒரு சிறிய ஊரின் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியர் வேலை அது. பள்ளியை நடத்துபவர் சொக்கா என்ற அம்மா. அதற்கு முன் பல நாடுகளின் பள்ளிகள் என்னை மறுத்திருந்தன. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். என் ஆங்கிலம் கட்டாரின் தோகாவில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கியபோது வந்தது. நாங்கள் எட்டுப் பேர் படுத்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. கதைக்காமல் இருக்க என்னால் முடியாது. அப்படித்தான் பழகினேன்.

இதுவும் சரிவராவிட்டால் திங்கட்கிழமை முதல் அத்தானின் கடையில் நிற்பதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு ஓரிடத்தில் நிற்கவே வராது.

சொக்கா அம்மா பட்டம் உண்டா என்று கேட்டார். இல்லை. படிப்பித்த அனுபவம்? இல்லை. தங்கள் ஊருக்கு வர ஒருவரும் சம்மதிப்பதில்லை, தலைநகரிலிருந்து பஸ்ஸில் நெடுந்தூரம் என்று பெருமூச்சு விட்டார். யோசித்துச் சொல்வதாக முடித்தார். அந்தப் பதிலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். மரியாதையாக விடைபெற்றேன்.

"ஓகே மேடம், ஐ ஆம் கமிங்."

அவர் முகம் மலர்ந்தது. நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"யோசிச்சுச் சொல்லுவினமாம்."

"அப்ப திங்கட்கிழமை விடிய வெள்ளண வா. உந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு வராதை, சீமெந்து பிடிக்கும்."

2. அறை கழுவியாயிற்று

ஞாயிறு காலை சொக்கா அம்மாவின் குரல்பதிவு வந்தது. விமானம் எப்போது? உங்கள் அறையைக் கழுவி வைத்துவிட்டோம், பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லிவிட்டேன் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடையில் அத்தானிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன்.

"கடைசியா அந்த மனுசிக்கு என்னடா சொன்னனி?"

"வாறன் எண்டு சொன்னன்."

"இங்கிலீசிலையோ?"

"ஓம், அத்தான்."

மூட்டைமேல் சாய்ந்து சிரிக்கத் தொடங்கியவர் நெடுநேரம் நிமிரவில்லை. "எடேய், போகேக்கை வாறன் எண்டு சொன்னால் எங்கடை ஆக்களுக்கு விளங்கும். அந்த மனுசி நீ வெளிக்கிட்டிட்டாய் எண்டெல்லோ நினைச்சிருக்கு! வாயைப் பொத்திக்கொண்டு பிளேன் ஏறு!"

அப்படி ஏறிப்போய் முதல் நாளே பிடிபட எனக்கு மனம் வரவில்லை. அழைத்து உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊரில் புறப்படுகிறவன் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, அது கூடாது, 'வருகிறேன்' என்பதுதான் வழக்கம் என்றேன்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்படியென்றால் நீங்கள் வரமாட்டீர்களா?"

அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம்தான் எனக்குக் கிடைத்த நியமனம். என்னைப்போல் அவரும் தேடிக் களைத்திருந்தார்.

"கமிங், மேடம். திஸ் டைம், ரியலி கமிங்."

3. முதல் வகுப்பு

புத்தகத்தில் முதல் பாடம் இலக்கணம். அதைத் தள்ளிவைத்துத் தெரிந்ததைச் செய்தேன். வெளியே போய்க் கதவைத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்!" என்றேன். உள்ளே இருப்பவர்கள் "கம் இன், ப்ளீஸ்" அல்லது "லேற்றர், ப்ளீஸ்" என்று பதில் சொல்லவேண்டும். பிறகு பிள்ளைகளின் முறை. சற்று நேரத்தில் பக்கத்து வகுப்பின் கதவையும் அலுவலகக் கதவையும் தட்டத் தொடங்கினார்கள். சொக்கா அம்மா அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது எந்தப் பாடம்?"

"கதைக்கிற பாடம், மேடம்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து உரக்கச் சொன்னார்: "லேற்றர், ப்ளீஸ்!" பிள்ளைகள் குதித்தார்கள்.

வெளிநாட்டில் படிப்பிக்க ஆசைப்பட்டு, சேட்டிபிக்கற் போதாமல் தயங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பெரிய நகரங்களுக்கு மட்டும் விண்ணப்பித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒருவரும் போக விரும்பாத ஊர் எது என்று விசாரியுங்கள். அங்கே நீங்கள் யார் என்று கேட்கும் முன், எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்கள்.