கட்டிலுக்கடியில் இரண்டு டயர்

மாத்தளையில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒஸ்வல்ட்டின் தொல்லை தெரியும். கலியாண வீடோ சாவு வீடோ, வாசலில் ஒரு பழைய கார் நின்றால் மனிதர் குனிந்து முதலில் டயரைத்தான் பார்ப்பார். தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பக்கவாட்டு ரப்பரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார். மயிரிழை அளவு வெடிப்புத் தெரிந்தால் போதும், எந்த வருஷம் வாங்கியது என்று விசாரணை தொடங்கிவிடும். எட்டு வருஷம், பத்து வருஷம் என்று சொன்னவர்கள் தொலைந்தார்கள். வருஷத்தில் நாலு தரம் மட்டும் வெளியே எடுக்கிற கார், டயர் இன்னும் புதிசுதானே என்று ஒரு டாக்டர் சொல்லப்போக, அத்தனை விருந்தாளிகள் முன்னாலும் அவரைப் பிடித்துத் திட்டிவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் மண்டை பிசகு என்று ஊர் முடிவு செய்தது. முடிவு செய்வதற்கு ஊருக்குக் காசா பணமா?

அவருக்கு மண்டை பிசகவில்லை. நடந்தது வேறு.

ஒஸ்வல்ட் பதினொரு வருஷம் ஒரு தோட்டத் துரைக்குக் கார் ஓட்டினார். எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை மூட்டை கட்டினார். போகிற போக்கில் தன்னுடைய மொறிஸ் மைனரை ஒஸ்வல்ட்டுக்கே கொடுத்துவிட்டார். அப்போதே அந்தக் காருக்கு இருபது வயதுக்கு மேல். கூடவே பழுப்புக் கடதாசி சுற்றிய இரண்டு புத்தம் புது டயரையும் கொடுத்தார். இன்றைக்குள்ளவர்களுக்கு இது ஒரு விஷயமாகத் தெரியாது. சாப்பிடுகிற பாண் வாங்குவதற்கே விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. பேர்மிட் இல்லாமல் டயரைக் கண்ணால் காணவும் முடியாது.

அந்த டயர்களை ஒஸ்வல்ட் காருக்கு மாட்டவில்லை. மாட்டுவதற்கு மனம் வரவில்லை என்பதுதான் சரி. மாதா கோவில் திருநாளன்று பூசை முடிந்து சாமியார் வாகனங்களை மந்திரித்தபோது, காருக்கு முன்னால் அந்த இரண்டு டயரையும் நிறுத்திவைத்து அவற்றுக்கும் தீர்த்தம் தெளிக்கச் செய்தார். மனைவி மரிய கொறற்றிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் டயர்களைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மகன் லோரன்ஸுக்கு அப்போது எட்டு வயது. அவனுடைய கலியாணத்தன்று பெண்ணை ஏற்றிவரக் கார் அந்த டயரில்தான் ஓடும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைச் சுற்றித்தான் அவருக்கு நாளும் கிழமையும்.

அதன்பிறகு மொறிஸ் வாடகைக்கு ஓடும் ஹயர் கார் ஆனது. ஓடியதெல்லாம் பழைய டயரில், தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டி ரீபில்ட் பண்ணிய டயரில். அதைச் செய்து கொடுத்தவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டயர்க் கடை வைத்திருந்த சாலிஹ். இருவரும் நல்ல கூட்டாளிகள். கட்டிலுக்கடியில் கிடப்பதைப் பற்றிச் சாலிஹுக்குத் தெரியும். எண்பத்திரண்டில் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சாக்கை அவிழ்த்துப் பார்த்து, நகத்தால் அழுத்தி, முகத்தைச் சுளித்தார். ஒன்று மாட்டி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள் என்றார்.

"ஓடினாத்தான் தேயும்னு நெனச்சிக்கிட்டு ஈக்கிறீங்க. சும்மா கெடந்தாலும் டயருக்கு மவுத்து ஈக்கி, ஒஸ்வல்ட். ஆறு வருசம், மிஞ்சினா ஏழு. பொறகு உள்ளுக்குச் செத்துப் போகும், பாக்கத்தான் டயர்."

ஒஸ்வல்ட் சிரித்துவிட்டார். டயர் விற்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்? ஒரு மைல்கூட ஓடாத டயர், வரிகள் அத்தனையும் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன, இதற்கு வயதாகிவிட்டதாம். அது போக, மந்திரித்த பொருள். மந்திரித்ததை விற்கக் கூடாது. பழுதானால் எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும். தெருவில் போகிற எவனோ ஒருவனின் வேனுக்கு மாட்டிவிட முடியுமா? லோரன்ஸும் அவரைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தான். எனக்குப் பெண் பார்க்கிறதற்கு முன்னால் டயரைப் பார்த்து வைத்திருக்கிறீர்களே என்பான். அவனுக்கு மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு. சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாகப் போய்வந்தான்.

எண்பத்தொன்பது வந்தது. அந்த வருஷத்தை மாத்தளையில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய இளைஞர்கள் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டிவிட்டுப் போனால் கடை பூட்ட வேண்டும், பஸ் நிற்க வேண்டும். பூட்டினால் இராணுவத்தார் வந்து ஏன் பூட்டினாய் என்பார்கள். இளம் பிள்ளைகள் காணாமல் போனார்கள். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். அதனால் தங்களுக்கு ஒன்றும் வராது என்று ஒஸ்வல்ட் குடும்பம் நம்பியிருந்தது.

செப்டெம்பரில் ஒரு காலை, எட்டு மணி இருக்கும். ஹோட்டல் சமையற்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல சிங்கள மனிதர். இரண்டு நாளுக்கு முன் ஹோட்டலுக்கு வெளியே நின்ற ஏழு பேரை இராணுவத்தார் ஏற்றிப் போய்விட்டார்கள், அதில் லோரன்ஸும் ஒருவன் என்றார். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள். அங்குள்ள அதிகாரி ஒருவருக்கு இவன் எந்தக் கூட்டத்திலும் சேராதவன் என்று தெரியும். தகப்பன் பிறப்புச் சான்றிதழோடு பன்னிரண்டு மணிக்குள் வந்தால் கையில் ஒப்படைக்கிறேன் என்கிறார். பன்னிரண்டுக்கு லொறி வரும். எல்லோரையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். பிறகு அது தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டாராம். இதைச் சொன்ன கையோடு, யார் கண்ணிலும் பட்டுவிடாமல் சமையற்காரர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கும் பஸ் இல்லை. தெருவில் ஒரு வாகனம் இல்லை. தம்புள்ளைக்கு மொறிஸில் போனால் ஒன்றேகால் மணித்தியாலம். ஒஸ்வல்ட் உடனே புறப்படப் பார்த்தார். மரிய கொறற்றி தடுத்தாள். வெறும் சான்றிதழை யார் மதிப்பார்கள், சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிவருகிறேன், பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடினாள். சாமியார் நோயாளி வீட்டுக்குப் போயிருந்தார். அவள் அங்கேயும் போய்க் கடிதத்தோடு திரும்ப முக்கால் மணித்தியாலம் ஆனது.

அந்த முக்கால் மணித்தியாலத்தில் ஒஸ்வல்ட் என்ன செய்தார்? சும்மா இருக்க முடியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன் டயர் இரண்டும் இரண்டாம் தரம் ரீபில்ட் பண்ணியவை. வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? பிள்ளையைக் கூட்டிவரப் போகிற பயணம். இதைவிட ஒரு நல்ல நாள் வரப்போகிறதா? உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் இருந்து சாக்கை இழுத்தார். மந்திரித்த டயர், ஒருநாளும் தரையைத் தொடாத டயர். இரண்டையும் முன்னுக்கு மாட்டினார். கழற்றியதை வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் போட்டார். கொறற்றி கடிதத்தோடு வந்தபோது கார் உறுமிக்கொண்டு நின்றது. டயரைப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டார். நாலந்தாவுக்குக் கிட்டப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் சூடு. திடீரென்று வெடிச்சத்தம் கேட்டது. யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார். சுட்டது யாருமில்லை. இடது முன் டயர் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்து, டியூப் வெளியே தொங்கியது. உள்ளேயிருந்த ரப்பர் காய்ந்த பாண் மாதிரிக் கையில் உதிர்ந்தது. டிக்கியில் கிடந்த பழைய ஸ்பெயாரை மாட்டிக்கொண்டு ஓடினார். நாவுல தாண்டியதும் வலது டயர் போனது.

வேறு டயர் இல்லை. ரோட்டில் ஓர் ஆள் இல்லை. கொட்டிலில் கிடக்கும் அந்த இரண்டு பழைய டயர்களும் அவருக்கு ஞாபகம் வந்தன. அவை போதுமாயிருந்திருக்கும். நேற்றும் ஓடியவை, முந்தநாளும் ஓடியவை. ஒஸ்வல்ட் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே பக்கத்து வயலில் இறங்கி வைக்கோலை வாரிவந்து, டயருக்குள் திணித்துத் திணித்து, கம்பியால் கட்டினார். முன்பு தோட்டத்தில் டிராக்டருக்குச் செய்த வேலை அது. விரல் எல்லாம் கிழிந்தது. அதற்கே நாற்பது நிமிஷம் பிடித்தது. பிறகு கார் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட ஓடியது. வேகம் கூட்டினால் வைக்கோல் பிய்ந்தது. சேசுவே, சேசுவே என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

முகாமை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

அதிகாரி வெளியே வந்தார். இளம் வயது. கடிதத்தை வாங்கவில்லை. உங்கள் மகனைக் கடைசி ஆளாக நிறுத்திவைத்தேன், கால் மணித்தியாலம் லொறியையும் தாமதப்படுத்தினேன், அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சிங்களத்தில் சொன்னார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒஸ்வல்ட்டால் டயர் என்ற ஒரு சொல்லைத்தான் சொல்ல முடிந்தது. வைக்கோல் பிதுங்கி நின்ற சக்கரத்தை அதிகாரி பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

லொறி எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தம்புள்ளையில் ஒரு கடைக்காரர் பின்கதவைத் திறந்து பழைய டயர் ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் ஒஸ்வல்ட் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற கொறற்றி காருக்குள்ளே எட்டிப் பார்த்தாள். பின் ஆசனத்தையும் பார்த்தாள். லொறி போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் தவறிவிட்டது என்றார் ஒஸ்வல்ட். அது பொய்யில்லை. டயரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவள் தலையில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள்.

"நான்தாங்க பிந்த வச்சேன். கடுதாசி கடுதாசின்னு நான்தான் ஓடினேன். நீங்க அப்பவே போறேன்னீங்களே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லையடி, உன் முக்கால் மணித்தியாலம் போக இன்னும் நேரம் மீதி இருந்தது, தின்றது என் டயர் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஒரு நாள் போனால் சொல்லலாம் என்று நினைத்தார். ஒரு நாள் போய், ஒரு மாதம் போய், பிறகு சொல்லவே முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் டயர் இல்லாததைக் கண்டு அவள் கேட்டபோது சாலிஹுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். சாலிஹிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்வதற்குச் சாலிஹுக்கு உரிமை இருந்தும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் அப்படித்தான்.

கொறற்றி அதன்பிறகு கோவிலில் முன் வாங்கில் உட்காரவில்லை. அந்தச் சாமியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள். தொண்ணூற்றைந்தில், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. ஏன் நேரத்துக்குப் போகவில்லை என்று அவர்கள் கேட்டதற்கு அவள் எழுந்து நின்று, என்னுடைய பிழை ஐயா, நான்தான் கடிதம் வாங்கப் போனேன் என்றாள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். பக்கத்துக் கதிரையில் ஒஸ்வல்ட் இருந்தார். வெளியே வந்ததும் அவளை ஒரு கடையில் உட்காரவைத்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அதைத்தான் அவரால் செய்ய முடிந்தது. கோழை என்று அவரை யாரும் திட்டவில்லை. யாருக்கும் தெரியாது. தெருவில் நிற்கிற கார்களின் டயரைப் பார்த்துப் பார்த்து அவரே மற்றவர்களைத் திட்டினார்.

இரண்டாயிரத்து மூன்றில் கொறற்றிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்துபோன மத்தியானம், அவள் ஒஸ்வல்ட்டைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"சாமிகிட்ட எல்லாம் சொல்லிட்டேங்க. அது போதாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். புள்ளையை நான்தான் பிந்த வச்சேன். என்னைய மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க."

பதினான்கு வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்லலாம், இதுதான் கடைசி நேரம் என்று ஒஸ்வல்ட்டுக்குத் தெரிந்தது. சொன்னால் அவள் பாரம் இறங்கும். ஆனால் இத்தனை வருஷம் வீணாகத் தூக்கிச் சுமந்தோமே என்று தெரிந்துகொண்டு போவாள். யார் தூக்கவைத்தது என்றும் தெரிந்துகொண்டு போவாள். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிட்டேன், கொறற்றி," என்றார்.

அவள் அவருடைய கையை இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். நல்லா இருப்பீங்க என்றாள். ஒஸ்வல்ட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.